இரண்டு வருட ஐடி வேலைக்குப் பிறகு எம்பிஏ: கேட் ஃபார்ம் முதல் ரிலீவிங் லெட்டர் வரை

சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ இரண்டு மூன்று வருடம் கோட் எழுதியபின் எம்பிஏ படிக்கலாம் என்று முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் அன்று மாலையே, ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வுக்குப் புத்தகம் வாங்கிவிடுகிறார்கள். புத்தகத்துக்கு அவசரமில்லை. முதலில் வேண்டியது, செய்த வேலையை எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு.

காரணம் எளிது. 2024-ல் கேட் எழுதியவர்கள் ஏறக்குறைய 2.93 லட்சம் பேர். அந்த வருடம் 100 பர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினார் என்ற கணக்கு) எடுத்த 14 பேரில் 13 பேர் பொறியியல் பட்டதாரிகள். உங்களைப் போலவே படித்து, உங்களைப் போலவே வேலை பார்த்து, கணக்கில் உங்களைவிட வேகமான ஆட்கள் அந்த வரிசையில் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். மதிப்பெண் உங்களை நேர்காணல் அறை வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனதும் அவர்கள் துருவுவது உங்கள் வேலையைத்தான்: யாருக்காகச் செய்தீர்கள், அதனால் எவ்வளவு மிச்சமானது, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும். பெரும்பாலான சாஃப்ட்வேர் பொறியாளர்களால் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. ஸ்பிரின்ட்டில் வந்த டிக்கெட்டை, அதாவது ஒதுக்கிய சிறு வேலையை, முடித்துக் கொடுத்திருப்பார்கள், அந்த டிக்கெட் எதற்கு வந்தது என்று கேட்டிருக்க மாட்டார்கள். பிப்ரவரியில் நேர்காணலுக்கு முந்தின வாரம் இதையெல்லாம் நினைவுபடுத்த உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. மார்ச்சிலேயே எழுதத் தொடங்கினால் ரெஸ்யூமே, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் நான்குக்கும் சரக்கு அந்த ஒரே நோட்டிலிருந்து வரும்.

நோட்டில் என்ன எழுதுவது

வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிடம். அந்த வாரம் செய்த வேலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதைப் பயன்படுத்துகிறவர் யார்? ஒரு மணி நேரம் இது நின்றுபோனால் யாருக்கு என்ன நஷ்டம்? இதற்கு முன்னால் இந்த வேலை எப்படி நடந்தது? வேறு எப்படிச் செய்திருக்கலாம், ஏன் அப்படிச் செய்யவில்லை? இதில் நானாக எடுத்த முடிவு எது? பதில் தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, திங்கட்கிழமை டீம் லீடிடமோ பிசினஸ் அனலிஸ்ட்டிடமோ கேளுங்கள். இப்படிக் கேட்பவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆறு மாதத்தில் டீமில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

ஒரு மாதிரி பாருங்கள். ரெஸ்யூமேயில் வழக்கமாக வரும் வரி இது: "ஸ்பிரிங் பூட் பயன்படுத்தி மைக்ரோசர்வீஸ் உருவாக்கினேன், ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு டேட்டாவை மாற்றினேன்." படிக்கும் பேராசிரியருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதே வேலையை நோட்டிலிருந்து எடுத்து எழுதினால் இப்படி வரும்: "காப்பீட்டு க்ளெய்ம் ஒன்றைச் சரிபார்க்க ஊழியர் மூன்று திரைகளைத் திறக்க வேண்டியிருந்தது. மூன்றையும் ஒன்றாக்கினோம். ஒரு க்ளெய்முக்கு 40 நிமிடம் ஆனது 12 நிமிடமானது. பழைய டேட்டாபேஸின் லைசென்ஸ் செலவும் நின்றது. எந்தத் திரையை முதலில் மாற்றுவது என்பதை, எங்கே தவறு அதிகம் நடக்கிறது என்று மூன்று மாத டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்து நான் சொன்னேன்." கடைசி வாக்கியம்தான் ஆளைக் காட்டுகிறது.

எண் போடும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். 40, 12 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன, எத்தனை க்ளெய்ம்களை அளந்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். டீம் முழுக்கச் சேர்ந்து செய்ததை "நான்" என்று எழுதினால் மூன்றாவது கேள்வியில் வெளியே வந்துவிடும். இன்னொன்று: க்ளையன்ட் பெயர் பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வரும், அதனால் "ஒரு பெரிய அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம்" என்று எழுதினால் போதும். ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று டேஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட்டையோ கோப்பையோ உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பவே கூடாது. அதற்காகவே வேலையிலிருந்து நீக்குவார்கள், அனுபவச் சான்றிதழும் சேர்ந்து போகும். கையால் எழுதும் நோட்டு என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்தப் படிப்புக்கு எத்தனை வருட அனுபவம்

இரண்டு வருடம் முதல் மூன்றரை வருடம் வரை அனுபவம் இருப்பவர்களுக்கு முதல் வழி, கேட் மூலம் ஐஐஎம்களின் இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் உடன் இருப்பவர்களின் அனுபவமும் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். 24 மாதம் தாண்டியிருந்தால் ஹைதராபாத் கச்சிபௌலியிலும் மொஹாலியிலும் உள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் (ஐஎஸ்பி) ஒரு வருடப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அகமதாபாத் ஐஐஎம்மின் ஒரு வருடப் படிப்புக்குக் குறைந்தது 4 வருடமும், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம்களின் ஒரு வருடப் படிப்புகளுக்கு 5 வருடமும் வேண்டும். இரண்டு வருட அனுபவத்தோடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

சென்னையை விட்டுப் போக முடியாத நிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை கேட் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு நடத்தும் எம்பிஏ இருக்கிறது, கட்டணமும் முன்னணி ஐஐஎம்களைவிடக் குறைவு. மாமல்லபுரம் பக்கம் மணமையில் உள்ள கிரேட் லேக்ஸ் கல்லூரி இரண்டு வருட அனுபவம் உள்ளவர்களை ஒரு வருடப் படிப்புக்கு எடுக்கிறது. லயோலா வளாகத்திலேயே லிபா மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்களுக்கு திருச்சி ஐஐஎம் சென்னையில் வார இறுதிப் படிப்பு நடத்துகிறது.

டெல்லி எஃப்எம்எஸ், மும்பை எஸ்பிஜெயின் போன்ற கல்லூரிகள் கேட் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், தேதியும் வேறு. கேட்டில் நல்ல பர்சன்டைல் வந்தபின் எஃப்எம்எஸ் ஃபார்ம் போடவில்லையே என்று தலையில் கை வைப்பவர்களை ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கலாம். ஆகஸ்ட்டிலேயே எல்லாக் கல்லூரிகளின் கடைசித் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

கேட் ஃபார்ம்

பதிவு ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடும். 2025-ல் பொதுப்பிரிவுக்குக் கட்டணம் 2,600 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. எத்தனை ஐஐஎம்களைத் தேர்ந்தாலும் கட்டணம் ஒன்றுதான், எனவே ஒன்றையும் விடாதீர்கள். சர்வர் திணறும் கடைசி இரண்டு நாட்களுக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஃபார்மில் நடக்கும் தவறுகள் சிறியவை, விளைவு பெரியது.

முதலில் பெயர். நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. மார்க்‌ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "கார்த்திக் சுப்பிரமணியன்" என்று மூன்று விதமாக இருக்கும். தேர்வு மையத்துக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ, அதிலுள்ளபடியே ஃபார்மில் பெயர் இருக்கட்டும். ஐஎஸ்பி கேட்கும் ஜிமேட் (GMAT) தேர்வை எழுதும் எண்ணமிருந்தால் பாஸ்போர்ட்டிலுள்ள எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. மாறினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய பணமும் போகும். ஆவணங்களில் பெயர் வேறுபடுகிறவர்கள் சேர்க்கையின்போது காட்ட நோட்டரி வக்கீலிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சதவீதம். பத்து, பன்னிரண்டு இரண்டுக்கும் மார்க்‌ஷீட்டில் இருக்கும் எல்லாப் பாடங்களையும் கூட்டிப் போட வேண்டும். இன்ஜினியரிங் கட்ஆஃப் கணக்கில் பழகியவர்கள் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும் போட்டுவிடுகிறார்கள். தமிழ், ஆங்கில மதிப்பெண்களும் சேரும். சிஜிபிஏ-வைச் சதவீதமாக்க உங்கள் பல்கலைக்கழகம் ஒரு முறை வகுத்திருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், வாங்கிய சிஜிபிஏ-வை உச்ச சிஜிபிஏ-வால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். முழு எண்ணாக்குகிறேன் என்று 79.6-ஐ 80 ஆக்கிவிடாதீர்கள்.

வேலை அனுபவத்தில் பட்டம் முடிந்தபிறகு பார்த்த முழுநேரச் சம்பள வேலை மட்டுமே கணக்கு. கடைசி செமஸ்டரில் அதே கம்பெனியில் செய்த ஆறு மாத இன்டர்ன்ஷிப் சேராது. வேலையில் சேர்ந்தபின் கொடுத்த பயிற்சிக் காலமும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்த மாதங்களும் சம்பளப் பட்டியலில் இருந்தால் சேரும். எந்தத் தேதி வரைக்கும் மாதங்களை எண்ண வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள், அதைத் தாண்டி ஒரு மாதம்கூட எழுதக் கூடாது.

நான்காவது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மறுபடி மறுபடி இழக்கும் ஒன்று. பிசி, எம்பிசி என்று பள்ளியில் வாங்கிய சாதிச் சான்றிதழை ஐஐஎம்கள் ஏற்காது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், அந்தப் பட்டியலில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும். கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று சொல்லும், மத்திய அரசுப் படிவத்திலான ஓபிசி சான்றிதழைத் தனியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம், எனவே ஜூனிலேயே போட்டுவிடுங்கள். கல்லூரிக் காலத்தில் வாங்கியது செல்லுமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நடப்பு நிதியாண்டில் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

"நான் ஐடியில் வருடத்துக்குப் பத்து லட்சம் வாங்குகிறேன், எனக்குக் கிடைக்காது" என்று பலர் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. கிரீமி லேயரை நிர்ணயிப்பது பெற்றோரின் நிலை. விண்ணப்பதாரரின் சொந்தச் சம்பளம் அதில் வராது. 8 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. ஆனால் பெற்றோர் குரூப் ஏ போன்ற உயர்பதவியில் இருந்தால் அந்தப் பதவியே தகுதியை நீக்கிவிடும். ஐஐஎம்களில் 27 சதவீத இடங்கள் இந்தப் பிரிவுக்கு உரியவை. பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற முடியாது.

வேலை பார்த்துக்கொண்டே கேட்

தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. ஆங்கில வாசிப்பு, தரவுத் தர்க்கம், கணக்கு என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒன்று முடிந்துதான் அடுத்தது திறக்கும், திரும்பிப் போக முடியாது. 2024-ல் முறையே 24, 22, 22 கேள்விகள். சரியான விடைக்கு 3, தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை, எனவே அவற்றை வெறுமையாக விட்டு வராதீர்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதியை ஒட்டி எடுத்தாலே அண்மை வருடங்களில் 99 பர்சன்டைல் வந்திருக்கிறது. எதை விட வேண்டும் என்று தெரிந்தவருக்கான தேர்வு இது.

பொறியாளர்கள் விழும் இடம் தரவுத் தர்க்கம், அதாவது டிஐஎல்ஆர். கணக்கு வரும், லாஜிக் வரும், அதனாலேயே விழுகிறார்கள். ஐந்து செட், அதாவது ஒரே தகவலை வைத்துப் பல கேள்விகள் கேட்கும் தொகுப்புகள், இருக்கும். முதல் செட்டைத் திறந்ததும் பக் ஒன்றை டிபக் செய்வதுபோல விடாப்பிடியாக உட்கார்ந்துவிடுவார்கள். பதினெட்டு நிமிடம் போயிருக்கும். ஆபீஸில் இந்தக் குணம் நல்லது, இங்கே ஆகாது. செய்ய வேண்டியது இது: முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் ஐந்து செட்டையும் வாசியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே பார்க்க வேண்டும். தெரியாதவை எத்தனை, நிச்சயமாகச் சொல்லப்பட்டவை எத்தனை? ஆறு பேர், மூன்று ஷிஃப்ட், இரண்டு ஊர் என்று வந்து "ரவி காலை ஷிஃப்ட்", "மதுரையில் இருவர் மட்டும்" என்பதுபோல் நேரடியாகப் பெட்டியில் நிரப்பக்கூடிய மூன்று குறிப்புகளாவது இருந்தால் எடுக்கலாம். "குறைந்தபட்சம்", "அதிகபட்சம்", "ஒருவேளை" என்றே குறிப்புகள் ஓடினால் அது கிளை கிளையாகப் பிரியும், தள்ளி வையுங்கள். தேர்ந்த செட்டில் மூன்று நிமிடத்துக்குள் அட்டவணை உருவம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். இரண்டு செட் முழுதாக, மூன்றாவதில் பாதி என்றால் மரியாதையான மதிப்பெண்.

வாசிப்புப் பகுதியில் வேறு வகைச் சிக்கல். டாக்குமென்டேஷனையும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் தேவையான வரியைத் தேடித் தாவிப் படித்துப் பழகிய கண், தத்துவம், மானுடவியல் பற்றிய 500 சொல் கட்டுரையில் தடுமாறும். இதற்கு நன்றாகப் பலிக்கும் ஒரு பயிற்சி உண்டு. தினம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை எடுத்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எழுதியவர் என்ன சொல்கிறார் என்று ஒரே வரியில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதினால் பத்தியின் சொற்களையே திருப்பி எழுதிவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வோம். தமிழில் எழுதும்போது புரியாதது உடனே காட்டிக்கொடுக்கும். கம்பெனி பஸ்ஸில் போகும் முக்கால் மணி நேரம் இதற்குத் தாராளம்.

கணக்கில் சதவீதம், விகிதம், வேகம், வேலை ஆகியவையும் இயற்கணிதமும்தான் பெரும்பகுதி. பள்ளிப் பாடம்தானே என்று அக்டோபருக்குத் தள்ளாதீர்கள்.

மாதிரித் தேர்வுகளை ஜூலையில் தொடங்கி இருபது, இருபத்தைந்து எழுதலாம். ஒன்று எழுத இரண்டு மணி என்றால் அலச நான்கு மணி. தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறாக வாசித்தது, தொட்டிருக்கவே கூடாதது. மூன்றாம் வகை குறையக் குறைய மதிப்பெண் ஏறும். உங்களுக்கு 8.30, 12.30, 4.30 என்ற மூன்று நேரங்களில் எது விழும் என்று முன்கூட்டித் தெரியாது, மூன்று நேரத்திலும் எழுதிப் பழகுங்கள். இரவு பத்தரை வரை அமெரிக்க க்ளையன்ட்டோடு ஃபோன் மீட்டிங் இருக்கும் டீம் என்றால் இரவுப் படிப்பை நம்ப வேண்டாம், விடிகாலை ஒன்றரை மணி நேரம்தான் உங்களுடையது. நவம்பர் கடைசி வாரத்துக்கான லீவை செப்டம்பரிலேயே போட்டு வையுங்கள். வருடக் கடைசி ரிலீஸ் அப்போதுதான் வரும்.

ஐஎஸ்பி: ஜிமேட், கட்டுரை, பரிந்துரை

ஜிமேட் மதிப்பெண் 5 வருடம் செல்லும், கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கைச் சுற்றுக்கு மட்டும். ஆகவே மே, ஜூனில் ஜிமேட்டை முடித்துவிட்டு கேட்டுக்குத் திரும்புவது நல்ல வரிசை. இப்போதைய ஜிமேட்டில் தலா 45 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள், மொத்தம் 64 கேள்விகள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. வடிவியலும் வாக்கியத் திருத்தமும் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இல்லை, பழைய புத்தகம் வாங்கி ஏமாறாதீர்கள். கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. ஒவ்வொரு பகுதி முடிவிலும் மூன்று விடைகள் வரை மாற்றலாம். மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும்.

கட்டுரையில் "எனக்கு டெக்னாலஜியும் பிசினஸும் சேருமிடத்தில் ஆர்வம்" என்று தொடங்கும் வரியை உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். நோட்டைத் திறந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள், நீங்கள் சொன்னது எடுபடாமல் போன சம்பவமாக இருந்தால் இன்னும் நல்லது. க்ளையன்ட் ஏன் மறுத்தார், உங்களுக்கு எது தெரியாததால் அவரைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை என்று எழுதும்போது "ஏன் எம்பிஏ" என்ற கேள்விக்கான பதிலும் அதிலேயே விழுந்துவிடும். "புராடக்ட் மேனேஜர் ஆக வேண்டும்" என்றால் எந்தத் துறையில், யாருக்கான புராடக்ட் என்று சொல்லுங்கள். கடன் வழங்கும் சிஸ்டத்தில் வேலை பார்த்தவர் சிறுதொழில் கடன் பற்றிப் பேசினால் நம்புவார்கள்.

பரிந்துரைக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடாதீர்கள். வைஸ் பிரசிடென்ட் எழுதும் நான்கு பொதுவான வரிகளைவிட, உங்கள் புரோகிராமைத் தினமும் ரிவ்யூ செய்த லீட் எழுதுவது எடை கூடியது. இப்போதைய மேனேஜரிடம் சொன்னால் அப்ரைசலில் கை வைப்பாரோ என்ற பயம் நியாயமானதே. கம்பெனியை விட்டுப்போன முன்னாள் லீடைக் கேட்கலாம். "நீயே எழுதிக் கொண்டு வா, அனுப்பிவிடுகிறேன்" என்பார்கள், நம் ஊரில் இது சகஜம். ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருப்பது வாசிப்பவருக்குப் பளிச்சென்று தெரியும், நேர்மையும் அதில் அடிபடுகிறது. அதற்குப் பதில் அவர் முன்னால் நடந்த நான்கு வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அரை மணி நேரம் டீ சாப்பிட்டுக்கொண்டே பேசிவிட்டு, எழுதுவதை அவரிடமே விடுங்கள். கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கேட்க வேண்டும்.

நேர்காணல் அறை

கேட் முடிவு டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில் வரும். ஐஐஎம் நேர்காணல்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. பல இடங்களில் முதலில் அரை மணிக்குள் எழுதும் சிறு கட்டுரை, பிறகு இரண்டு மூன்று பேர் கொண்ட குழு. பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"பேக்எண்ட் டெவலப்பர். அமெரிக்க வங்கி ஒன்றின் கடன் விண்ணப்ப சிஸ்டம்."

"ஒரு கடனில் அந்த வங்கிக்கு எப்படி லாபம் வருகிறது?"

"வட்டியில்."

"வட்டி முழுக்க லாபமா?"

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். வைப்புநிதிக்குத் தரும் வட்டி, திரும்பி வராத கடன், நடத்தும் செலவு என்று மூன்றைக் கழித்தால் மிஞ்சுவது லாபம். இது பாடப்புத்தக ஞானமல்ல, உங்கள் சிஸ்டம் விண்ணப்பங்களை நிராகரிப்பதே இரண்டாவதைக் குறைக்கத்தான். அடுத்த கேள்வி, "உங்கள் கம்பெனிக்கு எப்படிக் காசு வருகிறது?" உங்கள் புராஜெக்ட் மணிக்கணக்கில் பில் ஆகிறதா, மொத்த விலையா? ஆட்கள் பெஞ்சில் இருந்தால் யாருக்கு நஷ்டம்? கம்பெனி பங்குச்சந்தையில் இருந்தால் காலாண்டு அறிக்கையில் வருவாய், லாப விகிதம், ஆள் எண்ணிக்கை, விலகுவோர் விகிதம் எல்லாம் அச்சாகியிருக்கும். கடைசி இரண்டு அறிக்கைகளை வாசித்துவிட்டுப் போங்கள்.

பட்டப்படிப்பையும் விட மாட்டார்கள். மெக்கானிக்கலோ ட்ரிபிள்இ-யோ படித்து ஐடிக்கு வந்தவர்களை வெப்ப இயக்கவியல் விதியும் டிரான்ஸ்ஃபார்மரும் கேட்பார்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் டெட்லாக், நார்மலைசேஷன். இரண்டு பாடங்களை உங்களுக்குப் பிடித்தவை என்று தேர்ந்து அடிமுதல் படித்துவிட்டு, கேட்கும்போது அந்தப் பக்கம் பேச்சைத் திருப்பலாம். சொந்த ஊரும் பாடம்தான். திருப்பூர்க்காரர் என்றால் 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி பனியன் ஏற்றுமதியை எப்படித் தொட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். நாமக்கல் என்றால் முட்டை விலை எப்படி நிர்ணயமாகிறது, சிவகாசி என்றால் பட்டாசுக்கு நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகள்.

"கோடிங் பிடிக்கவில்லை", "ஆன்சைட் கிடைக்கவில்லை" என்ற காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும் அவற்றில் நின்றுவிடாதீர்கள். எதை விட்டு ஓடுகிறீர்கள் என்பது தெரிகிறது, எங்கே போகிறீர்கள் என்பது தெரியவில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லலாம். ஆங்கிலம் தடுக்குகிறதே என்று கவலைப்படுபவர்கள் மெதுவாக, சிறு சிறு வாக்கியங்களாகப் பேசினால் போதும்.

பணமும் நோட்டீஸ் பீரியடும்

முன்னணி ஐஐஎம்களில் இரண்டு வருடக் கட்டணம் 25 லட்சம் ரூபாயைச் சுற்றியோ அதற்கு மேலோ ஆகிறது. 25 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் டெர்ம் டெர்மாக வாங்கி, படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஒரு வருடத்திலும் கட்டாமல் விட்டால் சுமார் 30 லட்சமாக நிற்கும். பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை ஏறக்குறைய 38,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் சேர்த்து இந்தக் கணக்கை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து போடுங்கள். எஸ்பிஐயின் ஸ்காலர் லோன் போன்ற திட்டங்களில் பட்டியலிலுள்ள முன்னணிக் கல்லூரிகளுக்குக் குறிப்பிட்ட தொகை வரை அடமானம் கேட்பதில்லை. வட்டிக்கு வரிக்கழிவு பழைய வரிமுறையில் மட்டும் கிடைக்கும்.

இனி எல்லோரையும் திணறடிக்கும் கடைசிக் கட்டம். சேர்க்கைக் கடிதம் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும். காத்திருப்போர் பட்டியல் ஜூன் வரைகூட நகரும். வகுப்பு ஜூனில் தொடங்கும். பல ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் 90 நாள். ஏப்ரல் 25-ல் கடிதம் வந்து ஜூன் 20-ல் வகுப்பு என்றால் கையில் இருப்பது 56 நாள், 34 நாள் துண்டு விழுகிறது. கடிதம் வருமுன் ராஜினாமா செய்யக் கூடாது, வந்தபின் செய்தால் நாள் போதாது.

ஆகவே ஜனவரியிலேயே உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து இரண்டு இடங்களை வாசியுங்கள். மீதி நாட்களுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போவது உங்கள் உரிமையா, கம்பெனி விருப்பமா? அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா? பயிற்சிக்கான பாண்ட் இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சேமித்த லீவை நோட்டீஸில் கழிக்க விடுவார்களா என்று ஹெச்ஆரின் கொள்கைப் பக்கத்திலேயே இருக்கும், ஆளிடம் கேட்டுச் சந்தேகம் கிளப்ப வேண்டியதில்லை. கடிதம் வந்த அன்றே ராஜினாமா மெயிலில் சேர்க்கைக் கடிதத்தை இணைத்து, கடைசி வேலை நாளைத் தேதியாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள். வேறு கம்பெனிக்குப் போகிறவரைப் பிடித்து வைக்கும் மேனேஜரும் படிக்கப் போகிறவரை விட்டுக்கொடுப்பது உண்டு, ஆனால் கைமாற்றும் வேலைக்கு நீங்களே வாரவாரியாகத் திட்டம் எழுதிக் கொடுத்தால்தான் பேச்சு நகரும்.

வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கடைசி நாளுக்கு முன்பே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரிலீவிங் லெட்டர் வாரக்கணக்கில் தாமதமாவது பெரும்பாலும் இந்த ஒரு பெட்டி டிக் ஆகாததால்தான். கடிதம் கைக்கு வந்ததும் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் கேட் ஃபார்மில் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். ஃபார்மில் ஜூலை 1 என்றும் கடிதத்தில் ஜூலை 15 என்றும் இருந்தால், சேர்க்கை மேசைக்கு முன் போய் நின்று விளக்கிக்கொண்டிருக்காமல், அன்றே கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் எழுதி எழுத்துப்பூர்வமான பதில் வாங்கி, அதன் அச்சுப்பிரதியைச் சான்றிதழ் கோப்பில் ரிலீவிங் லெட்டருக்கு அடுத்த தாளாக வையுங்கள்.